தேயிலை இனங்களும் இலையிழப்பும்: எல்லாச் செடிகளும் கவ்வாத்தை ஒரே விதமாகத் தாங்குமா?

மலையகத்தில் கவ்வாத்து மலையைக் காணாதவர் எவரும் இருக்க முடியாது. ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா செல்லும் பாதையில் பச்சைப் பாய் விரித்தாற்போன்ற தேயிலை மலைகளுக்கு நடுவே, திடீரென ஒரு மலை மட்டும் இலையேதுமின்றிக் கரிய குச்சிகளாக நிற்பதைப் பயணிகள் வியப்புடன் நோக்குவர். தீப்பட்டதோ, நோய் தாக்கியதோ என வினவுவோரும் உண்டு. கத்தியால் வெட்டப்பட்ட அச்செடிகள் சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும் என்பது தோட்ட மக்களுக்குத் தெரியும். ஆயினும் எல்லாச் செடிகளும் துளிர்ப்பதில்லை என்பதும், ஒரு மலையில் தழைத்தெழும் செடிக்கு அடுத்த மலையில் உள்ள செடி பட்டுப்போவதும் அவர்களுக்குத் தெரிந்ததே. இந்த வேறுபாடு எதனால் ஏற்படுகின்றது? செடியின் இனத்துக்கும் இலையிழப்பைத் தாங்கும் திறனுக்கும் உள்ள தொடர்பு யாது? தொழிலாளியின் நாட்கூலியோடும் சிறு காணி உடைமையாளரின் வருமானத்தோடும் நேரடியாகத் தொடர்புள்ள இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கின்றது.

பருத்தி தரும் பாடம்

இலையை உதிர்ப்பதையே நோக்கமாகக் கொண்ட பயிர்ச்செய்கை முறையும் உலகில் உண்டு. ஐக்கிய அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் பருத்தி இயந்திரத்தால் அறுவடை செய்யப்படுகின்றது. செடியில் பச்சை இலை இருந்தால் அது பஞ்சோடு கலந்து கறைபடுத்தும். எனவே காய்கள் வெடிக்கத் தொடங்கியபின் இலையுதிர்ப்பு மருந்துகள் தெளிக்கப்படுகின்றன. தயாடியசுரோன், எத்திபோன் முதலியன இவ்வகையைச் சார்ந்தவை. கையால் பஞ்செடுக்கும் வழக்கம் நிலவும் இந்தியாவில் இவற்றின் பயன்பாடு மிகக் குறைவே.

இம்மருந்துகள் இலையை நேரடியாகப் பிய்த்தெறிவதில்லை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய கலப்படலம் ஒன்று உள்ளது. இளமையும் நலமும் உள்ள இலை, ஒட்சின் எனும் வளர்ச்சி ஓமோனை இடையறாது அப்படலத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அது குறைந்து எதிலின் எனும் வாயு ஓமோன் கூடும்போது, கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பொருளை நொதியங்கள் கரைக்கின்றன. இலை தானாக உதிர்கின்றது. மருந்து இந்தச் சமநிலையைக் குலைக்கின்றது. மருந்தின் அளவு மிகுந்து இலை உடனே இறந்துவிட்டால், படலம் உருவாகுமுன்னரே இலை காய்ந்து செடியிலேயே ஒட்டிக்கொள்ளும். இலை உதிர்வதற்கு அது சிறிது காலம் உயிரோடிருப்பது அவசியம் என்பதே இதன் பொருள்.

ஒரே மருந்து எல்லாப் பருத்தி இனங்களிலும் ஒரே விளைவைத் தருவதில்லை. விரைவில் முதிரும் இனம் எளிதில் இலையுதிர்க்கும். முதிர்ந்தபின்னும் புதுத் தளிர்விடும் இயல்புள்ள இனம் மருந்துக்குப் பின்னரும் மீண்டும் துளிர்த்து விவசாயியைச் சலிப்படையச் செய்யும். இலையின் மேலுள்ள மெழுகுப்படலம் தடித்திருந்தால் மருந்து உட்புகுவது கடினம். வறட்சியில் வளர்ந்த செடியில் அம்மெழுகு மேலும் தடிக்கும். ஆகவே இலையிழப்பின் விளைவு, செடியின் மரபு, அது வளர்ந்த சூழல், அப்போது அதனுள் இருந்த சேமிப்பு ஆகிய மூன்றையும் பொறுத்தது.

தேயிலையில் நிலைமை தலைகீழானது. இங்கே இலையே விளைச்சல். ஆயினும் இலையை இழப்பதையே வாழ்வாகக் கொண்ட பயிர் இதனைப் போல் வேறொன்று இல்லை. வாரத்துக்கொரு முறை கொழுந்து பறிக்கப்படுகின்றது. சில ஆண்டுகளுக்கொரு முறை கவ்வாத்து வெட்டப்படுகின்றது. முன்னது சிறிய இலையிழப்பு. பின்னது ஏறத்தாழ முழுமையான இலையிழப்பு. இவற்றைத் தாங்கும் திறனில் தேயிலை இனங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடுகின்றன.

மலையகம் கண்ட முதல் இலையுதிர்வு

இன வேறுபாட்டின் முக்கியத்துவத்தை மலையகம் முதன்முதலில் உணர்ந்தது தேயிலையால் அன்று, கோப்பியால். 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ எனும் பங்கசு உண்டாக்கிய துரு நோய் அது. இந்நோய் செடியை ஒரே நாளில் கொல்வதில்லை. இலைகளைப் பருவம் முந்தி உதிரச் செய்யும். செடி தன் சேமிப்பைச் செலவிட்டு மீண்டும் துளிர்க்கும், அவ்விலையும் உதிரும். இவ்வாறு பலமுறை நிகழ்ந்தபின் கொடுக்க எதுவுமின்றிச் செடி நலிந்து சாகும். 1870களின் இறுதியில் சுமார் 275,000 ஏக்கரில் பரந்திருந்த கோப்பி, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரும்பாலும் மறைந்தது. 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி இந்நோயை ஆராய்ந்த ஹரி மார்ஷல் வார்ட், ஒரே பயிரை இடைவெளியின்றிப் பரந்த நிலத்தில் நட்டதே நோய் பரவ வழிசெய்தது எனச் சுட்டிக்காட்டினார்.

அன்று இலங்கையில் நடப்பட்டிருந்தது அரேபிக்கா எனும் ஒரே இனக் கோப்பி. அது துரு நோய்க்கு எளிதில் இரையாகும். பின்னர் அறிமுகமான ரொபஸ்டா எனும் வேறொரு இனம் அதே பங்கசைப் பெருமளவு தாங்கி நின்றது. அந்த வேறுபாடு முன்னரே அறியப்பட்டிருக்குமாயின் மலையகத்தின் வரலாறு வேறு விதமாக அமைந்திருக்கக்கூடும். கோப்பி அழிந்த நிலத்திலேயே தேயிலை பரவியது. 1867இல் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய முயற்சியே அதற்கு வித்தாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து கோப்பிக்காக வந்த நம் முன்னோரின் உழைப்பும் தேயிலைக்கு மாறியது.

விதைத் தேயிலையும் வீ.பீ. தேயிலையும்

தேயிலையில் இரு பெரும் வகைகள் உள்ளன. சீன வகை சிறிய இலையும் நிமிர்ந்த இலையமைப்பும் குளிரைத் தாங்கும் இயல்பும் உடையது. அஸாம் வகை பெரிய, கிடையாகப் படரும் இலைகளை உடையது; விளைச்சல் மிகுதி. தேயிலை தன் மகரந்தத்தால் தானே கருவுறுவது அரிது. அயல் செடியின் மகரந்தத்தையே பெரும்பாலும் நாடுகின்றது. ஆதலால் விதையால் நடப்பட்ட பழைய மலைகளில் இவ்விரு வகைகளும் எல்லையின்றிக் கலந்து, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு இனமாகவே நிற்கின்றது. ஒரே வரிசையில் ஒரு செடி முந்தித் துளிர்ப்பதும், பக்கத்துச் செடி பிந்துவதும், மூன்றாவது செடி கொப்புள நோயில் வாடுவதும் இதனாலேயே.

1925ஆம் ஆண்டு நிறுவப்பட்டு, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம், சிறந்த தாய்ச்செடிகளைத் தெரிந்தெடுத்து அவற்றின் தண்டுத்துண்டுகளிலிருந்து கன்று உண்டாக்கும் முறையை நாட்டில் நிலைநிறுத்தியது. தோட்டங்களில் ‘வீ.பீ. தேயிலை’ என வழங்குவது இதுவே. ரி.ஆர்.ஐ. 2023, 2024, 2025, 2026 எனும் எண்களால் அறியப்படும் இனங்கள் இவ்வழியில் வந்தவை. இவற்றுள் ரி.ஆர்.ஐ. 2025 நாடெங்கும் மிகப் பரவலாக நடப்பட்டது. பின்னர் 3000, 4000 வரிசை இனங்களும் வெளியாயின. டி.ரி. 1, சி.வை. 9 போன்றவை தோட்டங்களிலேயே தெரிவு செய்யப்பட்ட இனங்களாகும்.

இவ்வாறு நடப்பட்ட மலையில் எல்லாச் செடிகளும் மரபில் ஒன்றே. ஒன்று தாங்கினால் அனைத்தும் தாங்கும். ஒன்று வீழ்ந்தால் அனைத்தும் வீழும். அத்துடன் விதைச் செடிக்கு ஆழமான ஆணிவேர் உண்டு. தண்டுத்துண்டிலிருந்து வளரும் செடிக்கு உண்மையான ஆணிவேர் இல்லை. விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் அதற்கு ஈடாகச் செடியின் உடலமைப்பில் ஏற்பட்ட மாற்றத்தையும் நாம் கருத்திற் கொள்ள வேண்டும்.

வேரில் உள்ள சேமிப்பு

கவ்வாத்து வெட்டப்பட்ட செடிக்கு இலை இல்லை. எனவே உணவு தயாரிக்க வழியில்லை. புதுத் தளிர் விரிந்து தன்னுணவைத் தானே ஆக்கும் வரை செடி எதை உண்டு வாழ்கின்றது? வேரில் சேர்த்து வைத்த மாப்பொருளையே. குடும்பத் தலைவர் தொழிலிழந்த மாதங்களில் வீட்டில் சேர்த்து வைத்த அரிசியைக் கொண்டு பிழைப்பதற்கு இது ஒப்பாகும். அரிசி தீருமுன் தொழில் கிடைத்தால் குடும்பம் பிழைக்கும். மாப்பொருள் தீருமுன் தளிர் முற்றினால் செடி பிழைக்கும்.

இவ்வுண்மையை வெளிப்படுத்திய ஆய்வுகளில் இலங்கைக்குப் பெரும் பங்குண்டு. தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் தொடக்க காலத்தில் அங்கு பணியாற்றிய சி.எச். காட், எவ்.ஆர். டப்ஸ் போன்ற விஞ்ஞானிகள், கவ்வாத்துக்குப் பின் செடிகள் பட்டுப்போவதற்கும் வேரில் மாப்பொருள் குறைந்திருப்பதற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தனர். மாப்பொருள் குன்றிய வேரையே சில பங்கசுகள் எளிதில் தாக்குகின்றன என்பதும் அக்காலத்திலேயே அறியப்பட்டது. அதுவரை நோயே காரணம் எனக் கருதப்பட்ட பல இடங்களில், செடியின் வெறுமையே நோய்க்கு வாயிலைத் திறந்துவிட்டது என்பது புலனாயிற்று.

இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பென்சிலளவு தடிப்புள்ள வேரொன்றை வெட்டி, வெட்டுமுகத்தில் அயடீன் கரைசலைத் தடவினால், மாப்பொருள் நிறைந்த வேர் கருநீலமாக மாறும். நிறம் மங்கியிருந்தால் செடியிடம் சேமிப்பு இல்லை. அத்தகைய மலையைச் சில வாரங்கள் கொழுந்து பறிக்காமல் ஓய்வில் விட்டு, சேமிப்புக் கூடியபின்னரே வெட்ட வேண்டும்.

இங்கு மலையின் உயரமும் குறுக்கிடுகின்றது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு இரவுக் குளிரில் செடியின் சுவாசம் மந்தமாகின்றது. பகலில் ஆக்கிய உணவு வீணாகாமல் வேரில் சேர்கின்றது. எனவே உயர்நிலத் தேயிலை, இலை முழுவதையும் நீக்கும் சுத்தக் கவ்வாத்தையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றது. இரத்தினபுரி, காலி போன்ற தாழ்நிலங்களில் வெப்பம் மிகுதி. ஆக்கிய உணவின் பெரும்பகுதி சுவாசத்தில் செலவாகிவிடும். அங்கு சில கிளைகளை இலையோடு விட்டுவைத்து வெட்டுவதே பாதுகாப்பானது. தோட்டத்துறையினர் அக்கிளைகளைச் செடியின் நுரையீரல் எனும் பொருள்பட அழைப்பது பொருத்தமே. தளிர் வளரும் வரை செடி அவற்றால்தான் பிழைக்கின்றது. அதே காரணத்தால் கவ்வாத்துச் சுற்றும் மாறுபடும். உயர்நிலத்தில் நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கொரு முறையும் தாழ்நிலத்தில் ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கொரு முறையும் கவ்வாத்து இடம்பெறுகின்றது.

இனத்துக்கு இனம் மாறும் இயல்பு

ஒரே உயரத்தில், ஒரே மண்ணில், ஒரே கத்தியால் வெட்டினாலும் இனங்கள் வேறுபடுவது ஏன்? இதற்கு நான்கு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, ஆக்கிய உணவைச் செடி எங்கு செலவிடுகின்றது என்பது. தன்சானியாவின் தென் மலைநாட்டில் பர்ஜஸ், கார் ஆகிய ஆய்வாளர்கள் மேற்கொண்ட ஆய்வில், எஸ். 15/10 எனும் உயர் விளைச்சல் இனம் தன் உணவின் கூடிய பங்கை இலைக்கும் கொழுந்துக்கும் அளித்து, தடித்த வேர்களுக்குக் குறைந்த பங்கையே அளித்தமை கண்டறியப்பட்டது. விளைச்சல் கூடுவது செடி அதிகம் உழைப்பதால் மட்டுமன்று. சேமிப்புக்குச் செல்ல வேண்டியதும் கொழுந்தாக வெளியேறுவதாலும் ஆகும். இத்தகைய செடியை ஓய்வின்றிப் பறித்து, உரமிடாமல், உடனே வெட்டினால் அது பட்டுப்போவதில் வியப்பில்லை. பழைய விதைத் தேயிலை குறைவாகத் தந்தாலும் நூறாண்டு வாழ்வதன் இரகசியத்தில் ஒரு பகுதி இதுவே.

இரண்டாவது, பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகள். இலை நீங்கியவுடன் விழித்தெழ வேண்டியவை இவையே. சில இனங்களில் இம்மொட்டுகள் நிறைந்தும் விரைந்தும் எழும். சிலவற்றில் அரிதாகவே எழும். தடித்த கட்டையில் மொட்டு அரிதான இனத்தைத் தாழ வெட்டினால் அக்கிளை திரும்புவதில்லை. இலை நிழல் நீங்கிய கிளையின் பட்டை வெயிலில் வெந்துபோவதும் உண்டு. வெட்டிய வாதுகளைச் செடியின் மேலேயே பரப்பி வைக்கும் வழக்கம் இதனைத் தடுப்பதற்காகவே ஏற்பட்டது.

மூன்றாவது, நீர்ப் பற்றாக்குறையை எதிர்கொள்ளும் முறை. ரி.ஆர்.ஐ. 2025, 2023 ஆகிய இரண்டும் ஏ.எஸ்.எம். 4/10 எனும் ஒரே தாய்ச்செடியின் வழிவந்தவை. ஆயினும் ஆய்வுகளில் முன்னது வறட்சியைத் தாங்கும் இனமாகவும் பின்னது வறட்சியில் வாடும் இனமாகவும் கொள்ளப்படுகின்றன. ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகளின் குணம் வேறுபடுவது போன்றதே இதுவும். தாங்கும் இனம் இலைத்துளைகளை உரிய வேளையில் மூடி, கலங்களுக்குள் கரைபொருட்களைக் கூட்டி, நீரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றது. தாங்காத இனம் இலைகளை உதிர்க்கின்றது. தென்னிந்தியாவில் வால்பாறையிலுள்ள உபாசி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட உபாசி 9 எனும் இனமும் வறட்சியைத் தாங்குவதற்காகவே அறியப்பட்டது. வறட்சியில் இலையுதிர்த்து நலிந்த செடியை அடுத்த மாதமே கவ்வாத்துக்கு உட்படுத்துவது, நோயிலிருந்து எழாதவரிடம் மூட்டை சுமக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

நான்காவது, புதுத் தளிரைத் தாக்கும் நோய். 1946இல் இலங்கையை வந்தடைந்த கொப்புள நோய் இளந்தளிரையே நாடும். கவ்வாத்துக்குப் பின் வரும் தளிர் முழுவதும் இளமையானது. மழையும் மூடுபனியும் சூழ்ந்த மாதங்களில் அது முற்றாக அழியக்கூடும். வேரிலிருந்த கடைசிச் சேமிப்பைச் செலவிட்டு விடுத்த தளிர் அது என்பதால் இழப்பு இரட்டிப்பாகின்றது. எனவே இந்நோய்க்கு எளிதில் ஆட்படும் இனம் நிற்கும் மலையை எந்த மாதத்தில் வெட்டுவது என்பது கவனத்துடன் முடிவு செய்ய வேண்டியதாகும். வறண்ட மாதமும் ஆகாது. ஓயாத மழை மாதமும் ஆகாது. நுவரெலியாப் பள்ளங்களில் தை, மாசி மாதங்களில் விழும் உறைபனியும் இளந்தளிரைக் கருக்கிவிடும்.

மருந்தால் நேரும் இலையிழப்பு

தேயிலைச் செடியின் இலையை உதிர்க்க எவரும் மருந்து தெளிப்பதில்லை. சீனாவில் பூக்களை உதிர்ப்பதற்காக எத்திபோன் பயன்படுத்தப்படுவதுண்டு. அளவு கூடினால் அங்கும் இலை உதிரும். ஆனால் களைக்குத் தெளிக்கும் மருந்து காற்றில் பறந்து தேயிலையில் படுவது எங்கும் நிகழ்கின்றது. கிளைபொசேட் இலையினூடாக உட்புகுந்து வளர்நுனிகளைச் சென்றடையும் இயல்புள்ளது. அது பட்ட செடியில் புதுத் தளிர்கள் குறுகி, ஒடுங்கி, மூங்கிலிலை போல நீண்டு வருவதைத் தோட்ட மக்கள் கண்டிருப்பர். முதிர்ந்த செடி மீண்டெழும். ஆனால் இளங்கன்றும், கவ்வாத்துக்குப் பின் துளிர்க்கும் செடியும் எளிதில் பாதிக்கப்படும்.

2015ஆம் ஆண்டு இலங்கை அரசு கிளைபொசேட்டைத் தடை செய்தது. விவசாயிகளிடையே பரவிய சிறுநீரக நோய் குறித்த அச்சமே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எம்.சி.பி.ஏ. எனும் வேறொரு களைகொல்லி பயன்படுத்தப்பட்டு, அதன் எச்சம் ஏற்றுமதித் தேயிலையில் காணப்பட்டதால் ஜப்பானியச் சந்தையில் சிக்கல் எழுந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு, அவ்வாண்டின் இறுதிக்குள்ளேயே அத்தடை நீக்கப்பட்டது. ஆனால் பாதிப்பு நீங்கவில்லை. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோகிராமாகக் குறைந்தது.

இவ்வீழ்ச்சியை வேரின் கண்கொண்டு நோக்க வேண்டும். உரம் பெறாத செடியில் இலை குன்றும். இலை குன்றினால் வேரின் சேமிப்புக் குன்றும். இழப்பு அந்த ஆண்டின் கொழுந்தோடு முடிவதில்லை. அடுத்து வரும் கவ்வாத்தில் அச்செடி எழுமா என்பதிலும் அது வெளிப்படும். விளைச்சலுக்காகவே தெரிவு செய்யப்பட்டு உரத்துக்குப் பழகிய இனங்களிலேயே இவ்வாபத்து மிகுதி.

கிலோக் கணக்கும் செடியின் கணக்கும்

இவையெல்லாம் விஞ்ஞானிகளின் கவலை என ஒதுக்கிவிட முடியாது. 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் உயர்த்தப்பட்டது. ஆனால் முழுப்பெயர் கிடைக்குமா, அரைப்பெயர் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது தராசில் விழும் கிலோவே. கவ்வாத்துக்குப் பின் இரண்டாம் ஆண்டில் தழைத்து நிற்கும் வீ.பீ. மலையில் அக்கிலோவைப் பறிப்பது ஒன்று. ஐந்தாம் ஆண்டில், கொழுந்து சிறுத்து, உறங்கும் மொட்டுகள் மலிந்து, செடி தோளுயரம் வளர்ந்துவிட்ட விதைத் தேயிலை மலையில் பறிப்பது வேறொன்று. ஒரே விரல்கள், ஒரே நேரம், ஒரே உழைப்பு. ஆனால் நிறை வேறு. இவ்வேறுபாட்டைத் தொழிலாளியின் சோம்பல் எனக் கணக்கிடுவது நியாயமாகாது. அது செடியின் இனத்தையும் கவ்வாத்துச் சுற்றில் அச்செடி நிற்கும் ஆண்டையும் சார்ந்தது என்பதை மேற்கூறிய உண்மைகள் தெளிவுபடுத்துகின்றன.

கிலோவைக் கூட்டும் அவசரத்தில் தாயிலையையும் சேர்த்துப் பறிக்குமாறு தொழிலாளர் தூண்டப்படுவதும் உண்டு. அன்றைய நிறை கூடும். ஆனால் வேருக்கு உணவனுப்ப வேண்டிய இலை குறையும். 1992இல் தோட்ட முகாமை கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபின், செலவைக் குறைக்கும் நோக்கில் கவ்வாத்தைத் தள்ளிப்போடுவதும் மீள்நடுகையைத் தவிர்ப்பதும் பல இடங்களில் இடம்பெற்றுள்ளன. ஆண்டுக்கு 2 வீதமேனும் மீள்நடுகை செய்யப்பட வேண்டும் என நீண்டகாலமாக வலியுறுத்தப்பட்டு வந்தபோதும், உயர்நிலத் தோட்டங்களின் கணிசமான பகுதியில் வெள்ளையர் காலத்து விதைத் தேயிலையே இன்றும் நிற்கின்றது.

நாட்டின் பச்சைக் கொழுந்தில் பாதிக்கும் மேற்பட்டதை வழங்குவோர் சிற்றுடைமையாளர்களே. கம்பளை, நாவலப்பிட்டி போன்ற பகுதிகளில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் எனத் தேயிலைக் காணி வைத்திருக்கின்றனர். கடையையோ வேறு தொழிலையோ கவனித்துக்கொண்டு, காணியைப் பிறரிடம் ஒப்படைக்கும் உடைமையாளருக்குத் தன் காணியில் நிற்பது எந்த இனம் என்பதே தெரிவதில்லை. கவ்வாத்து வெட்டுபவர் வந்த நாளில், மழையா வெயிலா என்று பாராமல், எல்லாச் செடியையும் ஒரே மட்டத்தில் வெட்டிவிடுகின்றார். பின்னர் பத்தில் இரண்டு செடி பட்டுப்போனால் விதியென்று எண்ணிக்கொள்கின்றனர்.

செய்யக்கூடியவை

இவ்விழப்பில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. முதலாவதாக, ஒவ்வொரு மலையிலும் நிற்கும் இனமும் கடைசியாக வெட்டிய ஆண்டும் பதிவேட்டில் இருப்பதோடு, பறிப்போருக்கும் வெட்டுவோருக்கும் தெரியப்படுத்தப்பட வேண்டும். இரண்டாவதாக, வெட்டுவதற்குமுன் சில செடிகளின் வேரில் அயடீன் சோதனை செய்ய வேண்டும். அதற்கு ஆகும் செலவு, பட்டுப்போன ஒரு செடிக்கு ஈடாகப் புதுக்கன்று நட்டு வளர்க்கும் செலவோடு ஒப்பிடுகையில் ஒன்றுமேயில்லை. நிறம் மங்கினால் மலையை ஓய்வில் விட வேண்டும்; அவசரமாயின் ஓரிரு கிளைகளை இலையோடு விட்டு வெட்ட வேண்டும். மூன்றாவதாக, புதுத் தளிரை முந்திக் கிள்ளும் ஆசையை அடக்க வேண்டும். உயர்நிலத்தில் மூன்று மாதங்களுக்கும் மேல் பொறுத்து, இலையடுக்கு நிலைபெற்றபின்னரே பறிப்பைத் தொடங்குவது உசிதமாகும். நான்காவதாக, புதிதாக நடும்போது ஒரே இனத்தைக் காணி முழுவதும் நடாமல் சில இனங்களைப் பகுதி பகுதியாக நட வேண்டும். கோப்பி நமக்குக் கற்பித்த பாடம் அதுவே.

ஐந்தாவது, தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் கருத்திற் கொள்ள வேண்டியது. நாளொன்றுக்கான கிலோ இலக்கு பேசப்படும்போது, இனம், கவ்வாத்து ஆண்டு, பருவம் ஆகிய மூன்றுக்கும் ஏற்ப மலைக்கு மலை அது வேறுபட வேண்டும். இதனைக் கோருவது சலுகை கேட்பதாகாது. செடியின் இயல்பை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்பதேயாகும். கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கும் கைகளுக்கு முறையான பயிற்சியும் அதற்குரிய மதிப்பும் வழங்கப்படுவதும் அவசியம். ஒரு செடியின் அடுத்த நான்கைந்து ஆண்டுகளை ஒரே வெட்டில் தீர்மானிப்பவர் அத்தொழிலாளியே.

ஒன்றரை நூற்றாண்டாக மலையகத் தேயிலை தன் இலையை இழந்து இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்திருக்கின்றது. அது மீண்டும் மீண்டும் துளிர்ப்பது கண்ணுக்குப் புலப்படாமல் மண்ணுக்குள் சேர்த்து வைத்த சேமிப்பினாலேயாகும். அச்சேமிப்பு எல்லா இனத்திலும் ஒன்றன்று. எந்த இனத்திலும் எல்லையற்றதும் அன்று. எடுப்பவர் எவ்வளவு எடுக்கலாம் என்பதைச் செடியிடமே கேட்டறிந்து எடுத்தால், மலையும் பிழைக்கும், அம்மலையை நம்பி வாழும் மக்களும் பிழைப்பர்.